நாத்தனாருக்குக் கோத்த மூன்று சரம்

அந்தச் சிவப்பு மணிகள் எதிலிருந்து உதிர்ந்தவை என்று கோக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? மூன்று மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்றால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. தெரியும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நாத்தனாருக்கு நிச்சயம் வைத்திருந்தோம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அவள், ஏதோ ஒரு டிசைனர் கடையின் மாலைப் படத்தைச் செல்போனில் அனுப்பினாள். மாதுளை முத்து நிறத்தில் மூன்று சரம், இடையிடையே பொன்னிறக் குண்டு, நடுவில் ஒரு பதக்கம்.

"அண்ணி, அந்த வெலைக்கு நம்ம வூட்டுல யாரும் வாங்கித் தர மாட்டாங்க. நீங்களே செஞ்சு குடுங்க. எம்.எஸ்சி. படிச்சது பின்ன எதுக்குங்க?"

வீடியோ பார்த்துக் கம்மல், வளையல் என்று செய்து பழகியிருந்தேன். சரி என்றுவிட்டேன்.

பாலக்கோட்டிலும் தர்மபுரியிலும் ஃபேன்சி ஸ்டோர்களில் அலைந்ததில் இரண்டு சரத்துக்கு மணி கிடைத்தது. மூன்றாவது சரத்துக்கு அந்த நிறம் எங்கும் இல்லை. நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஊக்கு தேடி மாமியாரின் பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். பட்டன்களுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே அதே நிறத்தில் கண்ணாடி மணிகள். நூல் இல்லை, சிலுவை இல்லை. ஐந்தாறு மணிகள் மட்டும் சற்றுப் பெரியவை. அவற்றை நடுவில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான் தோன்றியது. பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி என்று சிறு வயதிலிருந்து செபமாலை சொல்லி வளர்ந்தவள் நான், எனக்கு அப்படித் தோன்றியது.

மாமியாரும் கணவரும் தக்காளி பறிப்புக்குப் போயிருந்தார்கள். கேட்காமலே எடுத்தேன்.

கோத்துக்கொண்டிருந்தபோது மூன்று வயது மகள் ஒரு மணியை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். "ஆயா சாமி மணி," என்றாள்.

"இல்ல பாப்பா, இது உங்க அத்தைக்கு," என்று அவள் கையிலிருந்து வாங்கிக் கோத்தேன்.

நிச்சயத்தன்று எல்லார் கண்ணும் அந்த மாலையில்தான். மாமியாரே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடையில வாங்குனதுன்னு சொன்னாக்கூட நம்புவாங்க. எங்க மருமவ செஞ்சது," என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் சர்ச் பங்கில் தினமும் சாயந்திரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். எங்கள் முறை வந்த அன்று, மாமியார் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு சின்னச் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, டப்பாவுல மணி பொட்டணம் கட்டி வெச்சிருந்தன். நூலு அறுந்துபோச்சி. நீதான் நல்லா கோக்கறயே, கோத்துக் குடு. உங்க மாமா ஆஸ்பத்திரியில கடைசியா புடிச்சிருந்தது அதத்தான். என்னையப் பொட்டியில வெக்கறப்ப என் கையில அது இருக்கோணும்."

"நான் பாக்கலீங்களே அத்தை."

இந்தச் சொல் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

செபத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "கல்யாண வூடு பாருங்க, எலியே நிச்சயத்துக்குப் போட்டுக்கிட்டுப் போயிருக்கும்!" எல்லாரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் கணவரிடம் மட்டும் சொன்னேன். "புதுசு ஒண்ணு வாங்கி சாமியாருகிட்ட மந்திரிச்சுக் குடுத்துரு. இதப்போயி பெருசு பண்ணாத," என்றார். அப்படியே செய்தேன். மாமியார் அதை வாங்கி உதட்டில் வைத்து முத்தி செய்தார். "நல்லாருக்குது கண்ணு. அது கெடைக்கற வரைக்கும் இதுல சொல்றேன்," என்றார். இன்னும் தேடுகிறார். போன வாரம் பீரோவை நகர்த்தச் சொன்னார். ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன்.

பொங்கல் கழிந்து கல்யாணம். ரிசப்ஷனுக்கும் அந்த மாலைதான் என்கிறாள் நாத்தனார். அதன்பின் அவள் பெங்களூருக்குப் போய்விடுவாள், மாலையும் அவளோடு போய்விடும். விஷயம் தெரிந்தால், அப்பாவே கழுத்தில் இருப்பதாக அவள் நினைக்கலாம். செத்தவர் கையிலிருந்ததை நிச்சயத்தில் போட்டுவிட்டீர்களே என்று அழவும் செய்யலாம். மாமியார் என்ன செய்வார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மணியை எடுத்ததை மன்னித்தாலும், பார்க்கவில்லை என்று சொன்னதை மன்னிப்பாரா?

மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், இப்படி ஒன்றை மறைத்துவிட்டுப் பிறகு சொன்னவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் மாமியாரிடம் சொல்வதா, நாத்தனாரிடம் மாலையைத் திரும்பக் கேட்டு வாங்கிய பிறகு சொல்வதா? கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.