கடைசி வாங்கிலிருந்து பாட்டு எண்

"நுண்ணிய வேலைகளுக்கு உகந்தவர் அல்லர். கண் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. கைகளில் நடுக்கம் உண்டு."

1991இல் ஜெர்மனியின் சிறு நகரமொன்றில் வேலை கேட்டுப் போன இம்மாகுலேற் என்ற ஈழத் தமிழ்ப் பெண்ணைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த தாள் அது. மூன்று நாள் நித்திரையில்லாமல் வந்து இறங்கிய எவருக்கும் பொருந்தும். ஆனால் முத்திரை குத்திய தாளை எறிய மனம் வராது அல்லவா? பாஸ்போர்ட்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் அதுவும் லண்டனுக்கு வந்தது.

வால்தம்ஸ்டோவில் உள்ளரங்கச் சுடுதளம் வைத்திருந்த ஒரு கிளப்புக்கு அவர் முதலில் கூட்டித் துடைக்கத்தான் போனார். செயலாளர் எட்வேட், ஓய்வுபெற்ற பஸ் இன்ஸ்பெக்டர், ஒருநாள் "நீங்களும் சுட்டுப் பாருங்களேன்" என்றார். இம்மாகுலேற் மரியாதைக்காகத் தலையாட்டினார். ஒரு வருடத்தில் உறுப்பினராகிவிட்டார். கத்தோலிக்கக் கோயிலில் கேட்டவர்களிடம் "கிளப்புக்குப் போறன்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் பிங்கோ என்ற எண் விளையாட்டுக்கு என்று நினைத்தார்கள். ஊரில் போர் அப்போதுதான் முடிந்திருந்த 2009 யூன் மாதத்தில் தமிழர் நடுவே துப்பாக்கியை, துவக்கு என்ற சொல்லை, விளையாட்டுக்கு எடுக்க முடியாது. பிங்கோவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளப் அணியில் நால்வருக்குத்தான் இடம். மூவர் தேறிவிட்டார்கள். நாலாவது இடம் வேண்டுமென்றால், வருகிற சனிக்கிழமை கார்பைன் எனப்படும் குட்டைத் துப்பாக்கியால் இருபத்தைந்து யார் (கெஜம்) தூரத்தில் பத்துக் குண்டுக்கு எண்பத்தைந்து புள்ளி எடுக்க வேண்டும். இம்மாகுலேற் எழுபத்தொன்றில் நின்றார். ஐம்பத்துநாலு வயதுக் கண்ணுக்குக் குழல் நுனியும் இலக்கும் ஒருசேரத் தெரிய மறுத்தன.

"துப்பாக்கிக்கு மேல் ஸ்கோப் போடலாம், குறி பெரிதாகத் தெரியும், விதியில் தடையில்லை," என்றார் எட்வேட். "துப்பாக்கி கிளப்புடையது. ஸ்கோப்பை நீங்கள்தான் வாங்க வேண்டும்."

கடைக்குக் கணவர் கிறிஸ்துராஜாவும் கூடவே போனார். அதுதான் பிழை.

"இஞ்சேருங்கோ, இந்தச் சின்னன் காணும், இது போதும். நாலு மடங்கு பெருப்பிக்குமாம்."

"நாலோ? இருவத்திநாலு இருக்கேக்கை ஆரும் நாலை எடுப்பினமோ?"

"நான் சந்திரனைச் சுடப் போகேல்லை."

"ஃபிரிட்ஜ் வாங்கேக்கையும் சின்னன் காணுமெண்டுதான் சொன்னனீ. இப்ப மீன் வைக்க இடமில்லை."

ஃபிரிட்ஜ் விஷயத்தில் அவர் சொன்னது சரி. இம்மாகுலேற் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். சின்னது உள்ளங்கையில் அடங்கியது, விலையும் மற்றதில் மூன்றில் ஒன்று. கடைக்காரர் அதைச் சற்று வெட்கத்தோடுதான் காட்டினார்: காற்றுத் துப்பாக்கிக்காகச் செய்தது, கிட்டத் தூரத்துக்குத்தான் சரிவரும் என்றார். ஒரு வாரத்துக்குள் ஒன்றைத் திருப்பலாம் என்று அவரே சொன்னதால் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

சுடுதளம் சனிக்கிழமைதான் திறக்கும். வீட்டில் எட்டி நடந்தால் பத்தாவது அடியில் சுவர். இருபத்தைந்து யார் நீளமான இடம் இம்மாகுலேற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயிலில் பூசைக்கு முன் பாட்டு எண் பலகையை மாற்றுவது அவர் பொறுப்பு. புதன்கிழமை காலை 217 என்று மாட்டிவிட்டு, அங்கிருந்து அடி அளந்து நடந்தார். கணக்குக் கடைசி வாங்கில், அந்த நீள இருக்கையில், சரியாக வந்து முடிந்தது. முழந்தாள் மெத்தையை மடித்து வாங்கின் முதுகில் வைத்து, அதன்மேல் பெரிய ஸ்கோப்பைக் கிடத்தினார். கண்ணாடிக்குள் தெரிந்த சிலுவைக் கோட்டைப் பலகையின் ஏழின்மேல் நிறுத்தி, தலையை மட்டும் சற்று அசைத்தார். ஸ்கோப் அசையவில்லை. கோடு ஏழிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துபோனது. சின்னதை வைத்தார். தலை எங்கே போனாலும் கோடு ஏழிலேயே இருந்தது.

"என்னக்கா, கோயிலுக்குள்ளை கண்ணாடி வைச்சு என்ன பாக்கிறியள்?" பூச்சாடியோடு வந்த பெர்னடெற் கேட்டார்.

இம்மாகுலேற் பொய் சொல்லவில்லை. "கடைசி வாங்கிலை இருந்து பாட்டு நம்பர் தெரியுதோ எண்டு பாக்கிறன்."

"தெரியுதோ?"

"இதிலை தெரியுது. அதிலை ஆடுது."

"பாவம், பின்வாங்குச் சனம். ஃபாதரிட்டைச் சொல்லி நம்பரைப் பெரிசா எழுதுவிப்பம்."

அடுத்த ஞாயிறு பலகை மாறியது. பங்கு மக்கள் பெர்னடெற்றுக்கு நன்றி சொன்னார்கள்.

வீட்டில் கிறிஸ்துராஜா விளக்கம் கேட்டார். "தூரத்துக்குச் செய்ததாம், கிட்ட வராது," என்றார் இம்மாகுலேற்.

"விலை கூடினது கிட்ட வராதோ?"

"உங்கடை சொந்தக்காரரும் அப்பிடித்தானே."

வெள்ளிக்கிழமை பெரியதைத் திருப்பிக் கொடுக்கக் கிறிஸ்துராஜாவே போனார்.

சனிக்கிழமை எட்வேட் சின்னதைக் கார்பைனில் பூட்டினார். ஆறு குண்டில் குறியைச் சரிபார்த்தார்கள். பிறகு புதிய இலக்குத் தாளை மாட்டினார்கள். இம்மாகுலேற் பத்துக் குண்டு சுட்டு, தொண்ணூற்றொரு புள்ளி எடுத்தார்.