ஹீட்டர் பக்கத்தில் வைத்த கேமரா

மலேசியாவின் கோத்தா திங்கியில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஏர்கோன் காரிலிருந்து வெயிலில் இறக்கினால் லென்ஸ் வியர்க்கும் என்று எனக்கா தெரியாது? ஆனாலும் ஜப்பான் பனியில் ஒரு ஜோடியைப் படமெடுத்துவிட்டு, சில்லிட்ட கேமராவை நேராக அறைக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தேன். உள்ளே நீர் கோத்து, மறுநாள் அது ஆன் ஆகவே இல்லை. அன்றுதான் பட்டுப்புடவையில் எடுக்க வேண்டிய நாள்.

"வேற கேமரா கொண்டு வரலையாண்ணே?" என்றாள் மணப்பெண்.

"பரவால்ல லா, ஃபோன்லயே எடுங்க," என்று மாப்பிள்ளை தன் ஃபோனை நீட்டினார். எடுத்தேன்.

இப்போதெல்லாம் பனியில் நிற்கும்போதே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடுகிறேன். அறைக்குள் வந்து இரண்டு மணி நேரம் அவிழ்ப்பதில்லை.

அன்று எடுத்த பட்டுப்புடவைப் படம் அந்த ஜோடியின் வீட்டு ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. யார் எடுத்தது என்று விருந்தாளி கேட்டபோது, நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"சும்மா ஃபோன்ல எடுத்ததுங்க," என்றாள் அன்றைய மணப்பெண்.