புனிதா குடிக்காத பால்

என் அக்கா புனிதாவுக்கு ஒன்பது வயதில் இன்சுலின் ஊசி தொடங்கியது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் இனிப்பு நீர் என்றால் அப்போதெல்லாம் வயதானவர்களுக்கு வருவது. பிள்ளைக்கு வந்ததும் தொழிலாளர் குடியிருந்த லயமே கூடி வந்து வேடிக்கை பார்த்தது. என் அம்மா செல்லாயி அன்றைக்கே இரண்டு முடிவு எடுத்தாள். அக்காவுக்கு இனி பால் கிடையாது, குடித்தால் சீனி ஏறும். தைப்பூசத்துக்கு அக்கா பால்குடம் எடுக்க வேண்டும், எடுத்தால் ஊசி நின்றுவிடும். முப்பது வருடமாக ஊசியும் நிற்கவில்லை, பால்குடமும் நிற்கவில்லை.

முதலாளி தோட்டத்தை விற்றதும் ஈப்போவில் ஒரு அடுக்குமாடிக்கு வந்தோம். அக்கா ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். "போனா போறானுங்க. ரெண்டு காலு இருக்கு, நின்னு சம்பாதிச்சுக்கிறேன்லா," என்றாள். பதினைந்து வருடம் அப்படியே நின்றாள். கிளினிக்கில் வருடா வருடம் கண்ணைப் பார்த்தார்கள், கிட்னியைப் பார்த்தார்கள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எலும்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் ரூபன், லோரி ஓட்டுகிறவன். தைப்பூசம் வந்தால் உறுமி மேளக்காரன். நான் அடித்தால் கல்லுக்கும் அருள் வரும் என்று பையன்கள் சொல்வார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன தைப்பூசத்தன்று அக்கா பழக்கத்தில் காலை ஊசியைப் போட்டுக்கொண்டாள். விரதம், அதனால் எதுவும் சாப்பிடவில்லை. சீனி இறங்கிவிட்டால் அவசரத்துக்கு என்று இடுப்பில் நாலு மிட்டாய் முடிந்து வைத்திருந்தாள். அம்மா அதைப் பிடுங்கினாள். "வாயில எதையும் போட்டு எச்சி பண்ணாதடி. ஒரு நாளு செத்தா போயிருவே?"

கோயிலுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது அக்காவின் உடம்பு உதறத் தொடங்கியது. முகமெல்லாம் வியர்வை, கண் எங்கேயோ போயிருந்தது. அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் உறுமிச் சத்தத்தில் எனக்கே என் மூச்சு கேட்கவில்லை.

"சாமி வந்துருச்சு!" என்று அம்மா கத்தினாள். நான் முட்டாள், இன்னும் வேகமாக அடித்தேன். அக்கா பக்கவாட்டில் தார்ச் சாலையில் விழுந்தாள். குடத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார். அக்காவை யாரும் பிடிக்கவில்லை. இரண்டு பெண்கள் அவளைத் தூக்கி நிறுத்தி, நெற்றி நிறைய விபூதி அடித்து, குடத்தைத் திரும்பத் தலையில் வைத்தார்கள். மிச்சத் தூரத்தையும் அவள் நொண்டி நொண்டி நடந்தாள். நான் முன்னால் அடித்துக்கொண்டே போனேன்.

கோயில் வாசல் தண்ணீர்ப் பந்தலில் யாரோ சீனிப் பாகு கரைத்த சிராப் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு கப் குடித்ததும் அக்காவின் கண் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"சாமி எறங்கிருச்சு," என்று அம்மா கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மாதுமை என்ற டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "சீனி ரொம்ப எறங்கித்தான் விழுந்திருக்காங்க, அண்ணே. ஆனா இந்த வயசுல சும்மா நடக்கையில விழுந்தா இடுப்பு எலும்பு ஒடியாது. சின்னதுலேர்ந்து இன்சுலின் போடுறவங்களுக்கு எலும்பும் பலம் குறைஞ்சிரும். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"பால் குடுக்காததாலயா, டாக்டர்?"

"பாலு மட்டும் இல்ல, இந்த நோயே எலும்பப் பாதிக்கும். அப்படிப்பட்டவங்களுக்குப் பாலையும் நிறுத்தலாமா?" எக்ஸ்ரேயில் ஒடிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "மொதல்ல விரிசல்தான் விட்டிருக்கும். நடந்ததுலதான் எலும்பு விலகிப்போச்சு. யாரு நடக்க வெச்சது?"

உறுமி அடித்த விரல்கள் இன்னும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன.

ஒடிந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஒரு கால் குட்டையாகிப்போனது. உட்கார்ந்துகொண்டு சேலை விற்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் அக்காவே கேட்டாள். "அன்னிக்கு உன்கிட்ட மிட்டாய்தான்டா கேட்டேன். கேக்கலயா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்.

இந்த வருடமும் தைப்பூசம் வந்தது. முதல் நாள் அம்மா ஐஸ்பெட்டி நிறையப் பால் வாங்கி வைத்தாள். "உன் காலு நேராவணும்னு வேண்டிக்கிட்டேன். இந்த வாட்டி நானே எடுக்கறேன்."

அக்கா தடியை ஊன்றி எழுந்து போய், ஒரு பால் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடிக் குவளை நிறைய ஊற்றி, நின்றபடியே வாயில் வைத்தாள்.

அம்மா பதறி ஓடினாள். "அடியே, சீனி ஏறும்டி!"

குவளையைப் பிடுங்க நீண்ட அம்மாவின் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா குடித்து முடிக்கும்வரை விடவில்லை.