அம்மியில் பிறந்த கார்ன்ஃப்ளேக்ஸ்

என் சமையலறை அலமாரியில் ஏழு பாட்டில்கள் இருக்கின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம் என்று நானே அவித்து, நசுக்கி, வறுத்து வைத்த காலைச் சாப்பாடு. பாலை ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான். என் கணவர் இதைக் கோழித் தீவனம் என்பார். சொல்லட்டும். தேர் பார்க்காமல் ஊர் திரும்ப இருந்த ஒரு விருந்தாளியையே நிறுத்திய தீவனம் இது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பாவின் அக்கா மெட்ராஸில் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்காக வருடா வருடம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அத்தைக்கு அம்மாவின் சமையலில் ஒன்றும் பிடிக்காது. மறதியும் அதிகம். கிளம்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்குப் பொட்டலத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அத்தனையும் என் வயிற்றுக்குள்தான் போகும். அதனால் அத்தையின் மறதி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அந்த வருடம் அத்தை மகன் ஒரு அட்டை டப்பாவோடு வந்து இறங்கினான். ஆறு வயது. காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டானாம். முதல் நாள் எனக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. பாலில் மிதந்துகொண்டே மொறுமொறுவென்று கடிபட்ட அந்த ருசியில் நான் சொக்கிப் போனேன். மறுநாள் முதல் அத்தை டப்பாவைச் சூட்கேசில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பூட்டி என்ன பயன்? தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போதே டப்பா காலி. அப்பா ஊர்க் கடைகளிலெல்லாம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. இட்லியைக் கண்டால் அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

“பிள்ள அரை உசுராயிட்டான். ரெண்டு நாள் பாப்பேன், பொறவு பஸ் ஏறிருவேன்” என்றாள் அத்தை.

எனக்குப் பகீரென்றது. அத்தை இருந்தால்தான் அப்பா லீவு போட்டு எங்களைத் தேருக்குக் கூட்டிப் போவார். அத்தை போனால் தேரும் போச்சு.

காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அதில் மக்காச்சோளக் கதிர் படம் இருந்தது. “நெல்ல இடிச்சா அவல் வருதுல்லம்மா? இது மக்காச்சோள அவலு, அம்புட்டுத்தான்” என்றேன்.

அம்மா படத்தை உற்றுப் பார்த்தாள். “ஏட்டி, நெசந்தாம்ட்டி!”

சோழபுரத்திலிருந்து வரும் பால்காரர் ஒரு பை மக்காச்சோளம் கொண்டுவந்து கொடுத்தார். திருகையில் உடைத்து, ஊறவைத்து, வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினோம். மொட்டை மாடியில் காயப்போட்டோம். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், அம்மியில் நசுக்கியதை விட்டுவைக்குமா? பாதி பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்தது. அப்பா தான் வேலை பார்த்த பேண்டேஜ் மில்லிலிருந்து சல்லாத்துணி கொண்டுவந்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார். மாலையில் வாணலியில் வறுத்ததும் பொன்னிறமாகப் பொரிந்து வந்தது.

மறுநாள் அத்தை மகன் ஒரு வாய் வைத்தான். தெருவே கேட்கும்படி அலறினான். அம்மா பழக்கதோஷத்தில் பச்சை மிளகாயும் பெருங்காயமும் அரைத்துச் சேர்த்திருந்தாள்.

“உப்பு ஒறைப்பு இல்லாம யாராச்சும் வத்தல் போடுவாகளா?” என்று பாவமாகக் கேட்டாள்.

“கைப்பக்குவம்னு ஒண்ணு வேணும்” என்றாள் அத்தை. மறுநாள் சாயங்காலத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி ஊறிக் கிடந்த மக்காச்சோளத்தை அடுப்பில் ஏற்றினாள். இந்த முறை நான் அஞ்சறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே காவல் இருந்தேன். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான் அனுமதித்தேன். முந்தின நாள் பகையாளியாக இருந்த காற்று ஒரே பகலில் எல்லாவற்றையும் காயவைத்துக் கொடுத்தது. வறுத்து, பழைய டப்பாவிலேயே நிரப்பினேன்.

காலையில் அத்தை மகன் ஒரு வாய் வைத்தான். மென்றான். “இன்னும்” என்றான். மூன்று கிண்ணம் காலி! எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை டப்பாவைப் பார்த்தாள், குழவி உருட்டிக் கொப்பளித்திருந்த அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். தானும் ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

“செத்த கூட வைம்மா.”

டிக்கெட் ரத்தானது. தேருக்குப் போனோம். அத்தை மகனும் நானும் வடத்தைத் தொட்டோம். நான் ஒருத்தியே தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

அத்தை கிளம்பும் நாளில், அம்மா மிச்சமிருந்ததை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தாள். எனக்கு ஒரு பிடிகூட எடுத்து வைக்கவில்லை. “மதினி, மறந்துராதிய” என்று வழக்கம்போலச் சொன்னாள். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அத்தையாவது, ஞாபகம் வைப்பதாவது!

அப்பா அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனதும், கிண்ணத்தில் பாலை ஊற்றிக்கொண்டு அலமாரிக்கு ஓடினேன். டின்னைக் காணவில்லை.

“அத்த இந்தத் தடவ மறக்கவே இல்லம்மா!” என்று ஓவென்று அழுதேன்.

அம்மா ஓடிவந்து வெறும் அலமாரியைப் பார்த்தாள். என்னை இழுத்து இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளை அழும்போது ஒரு தாய்க்கு அப்படி என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.