இன்னொரு தடவை பார்க்கிறவள்

சபிதா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பெண் பார்க்க வந்த முருகதாஸ், "எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாளே ஆள்விட்டு விசாரித்தாள். அதோடு விட்டாளா? இன்னொரு ஆளை விட்டு மறுபடியும் விசாரித்தாள். முதல் ஆள் அவனுடைய கூட்டாளியாக இருந்தால் என்ன செய்வது? குலசேகரம் சந்தையில் மீன்காரி செசிலி, இவள் தூரத்தில் வரும்போதே மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். எப்படியும் கேட்கத்தான் போகிறாள், எதற்கு வாய்ச்சண்டை?

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைத்தது. புள்ளியியல் படித்தவள். பேச்சிப்பாறைக்குப் போகும் வழியிலுள்ள வீட்டில் உட்கார்ந்தபடியே, நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்துப் பார்த்த கணக்குகளை ஒரு நிறுவனத்துக்காக ஆராய்ந்து கொடுத்தாள். அந்த வேலையில் சந்தேகப்படாதவர்கள்தான் ஆபத்து.

கல்யாணத்துக்குப் பிறகு சில வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய முருகதாஸ், சொந்த ரப்பர் மரங்களில் தானே பால் வெட்டினான். வெட்டுகிறவனுக்குக் கைதான் எல்லாம். அந்தக் கையில் மூட்டுவாதம் வந்து புகுந்தது. விடியற்காலையில் விரல் மடங்காது, கத்தி நிற்காது. டாக்டர் கொடுத்த மாத்திரை வீக்கத்தை அடக்கியது உண்மைதான். ஆனால் வாரம் ஒரு தடவை அதை விழுங்கினால் மறுநாள் முழுக்கக் குமட்டல். சோற்றைக் கண்டாலே எழுந்து போய்விடுவான்.

அப்போதுதான் ஒரு மூலிகை மாத்திரையைப் பற்றிச் செய்தி வந்தது. மருத்துவச் சோதனையில் நிரூபிக்கப்பட்டதாம். முருகதாஸ் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இஞ்ச பாரு. பி மதிப்பு 0.03ன்னு போட்டிருக்கு. அப்ப நூத்துக்குத் தொண்ணூத்தேழு உறுதி, இல்லியா? பழையத நிறுத்திட்டு இதத் தின்னலாம்."

"அப்படி இல்லங்க. அந்த மாத்திரை வெறும் மாவுன்னே வச்சுக்கிடுங்க. அப்பவும் தற்செயலா இவ்வளவு வித்தியாசம், இல்லேன்னா இதவிடக் கூடுதலா, நூறு சோதனையில மூணுல வரும். அவ்வளவுதான் அந்த எண் சொல்லுது. மாத்திரை வேலை செய்யும்னு அது உறுதி சொல்லல்ல."

"மூணுதானே?"

"வலி, வீக்கம், விறைப்பு, தூக்கம்னு எத்தனையப் பாத்தாங்களோ? நெறையப் பாத்தா ஒண்ணாவது வாய்க்கும். வாய்ச்சத மட்டும் செய்தியில போட்டா? எதப் பாக்கப் போறோம்னு முன்னாலேயே சொல்லிட்டு, வேற ஆளுங்ககிட்ட இன்னொரு தடவை செய்து பாக்கட்டும். அதுவர பழையத நிறுத்தாண்டாம்."

"சாமியே நேர்ல வந்து நின்னாலும், இன்னொரு தடவை வந்து காட்டுன்னு சொல்லுவ நீ" என்றான் அவன். ஆனாலும் புது மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இரண்டாவது சோதனை பெரிய அளவில் நடந்தது. கணக்கு சபிதாவின் மேசைக்கே வந்தது. வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான் என்று மேலதிகாரி டிஜோவிடம் ஒளிக்காமல் சொன்னாள். "திட்டம் முன்னாலேயே எழுதியாச்சு. அதுப்படி போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர்.

அன்று முருகதாஸ் ரப்பர் பாலை விற்கப் போயிருந்தான். சபிதா கணக்கை ஓட்டினாள். 0.41 என்று வந்தது. வெறும் மாவே நூற்றுக்கு நாற்பத்தொரு தடவை காட்டிவிடக்கூடிய வித்தியாசம்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது! தேடினாள். ஒரு மையத்தில் நிறையப் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவர்களை நீக்கினாள். 0.11. ரொம்ப வயதானவர்களுக்கு எந்த மருந்துதான் கேட்கும்? அவர்களையும் நீக்கினாள். 0.04. 0.05க்குக் கீழே வந்தால் மருந்து தேறியதாக எடுத்துக்கொள்வது வழக்கம். மனசு துள்ளியது. கணவனின் கை நேராகிவிட்டதுபோலவே சந்தோஷப்பட்டாள்.

வாசலில் காலி கேனைப் போடும் சத்தம் கேட்டது. முருகதாஸ் பொரிந்துகொண்டே உள்ளே வந்தான்.

"பால் வாங்குற அந்த சுயம்புராஜ நம்பவே பிடாது கேட்டியா! பால்ல கண்ணாடிக் குழாய மிதக்க விட்டான். ரப்பர் கூடுதல்னு காட்டிச்சு, அப்ப கூடுதல் விலை தரணும்லா? நுரை கெடக்கு, இன்னொரு தடவை பாப்போம்ங்கான். அப்பவும் கூடுதல். குழாய் நேரா நிக்கல்லங்கான். மூணாவது தடவை குறைஞ்சு காட்டிச்சு பாரு, நுரையும் இல்ல ஒண்ணும் இல்ல, உடனே எழுதிட்டான்!"

சபிதாவுக்கு முகம் சுட்டது. முதலிலேயே 0.04 வந்திருந்தால், யார் மாத்திரை சாப்பிட்டார்கள், யாருக்கு வயதாகிவிட்டது என்றெல்லாம் தேடியிருப்பாளா? மாட்டாள். ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவள், தன் ஆசையைச் சந்தேகப்பட மறந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. நீக்கியவர்களை எல்லாம் திரும்பச் சேர்த்தாள். திட்டத்தில் சொன்னபடி 0.41 என்றே எழுதினாள். ஆட்களை நீக்கிப் பார்த்ததையும் மறைக்காமல் கீழே குறிப்பாகச் சேர்த்து டிஜோவுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் முருகதாஸ் அலமாரியைத் திறந்தான். அன்று மாத்திரை நாள்.

"கணக்கு வந்துட்டோ?"

"வெளிய சொல்லப்பிடாது. பழையதையே தின்னுங்க."

"இன்னும் உனக்குச் சந்தேகம் தீரல்லியா?"

"எனக்கும் ஆசையா இருந்துது. அந்தக் கொதியோடதான் பாத்தேன். அதனாலதான் இண்ணைக்கு என்னையே எனக்கு நம்ப முடியல்ல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு புது டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய மாத்திரை அட்டையை எடுத்தான். பெருவிரலால் அழுத்தினான். விரல் வளையவில்லை. மறுபடி அழுத்தினான்.

சபிதா அட்டையை வாங்கி, மாத்திரையைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். நாளைக்குக் குமட்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.