என் எண்ணில் ஓடிய டிரையர்

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையரை ஓட்டுபவர்கள் நாங்கள் இரண்டு பேர். காலை ஷிப்ட் எனக்கு, மதிய ஷிப்ட் அவருக்கு. பச்சை இலை வரத்து குறைந்துகொண்டே போன சமயத்தில் பழைய கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, தொட்டால் வேலை செய்கிற திரை ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். இனி டிரையருக்கு ஒரே ஆள் போதும் என்றார் மேனேஜர். மூன்று மாதத்தில் யார் நன்றாகக் கற்றுக்கொள்கிறாரோ அவர் இருக்கலாம். மற்றவர் வேலையோடு குவார்ட்டர்ஸையும் விட்டுவிட வேண்டும்.

எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. அவர் இரண்டு வயது இளையவர், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இருபது வருடமாக என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என் மனைவி சிரித்தாள். வளைந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு நாள் பாடம் நடத்தினாள். என் மகள் வயதுதான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். ஆளுக்கொரு எண் கொடுத்து, வேலைக்கு வந்ததும் இதை அழுத்துங்கள், போகும்போது மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள் என்றாள்.

அந்த மூடுவதுதான் எங்களுக்குச் சரிப்படவில்லை. உள்ளே இலை இருக்கும்போது டிரையர் நின்றால் கருகிவிடும். அதனால் ஓடும்போதேதான் கை மாற்றுவோம். ஒருவர் கையை எடுப்பதற்குள் மற்றவர் கை அங்கே இருக்கும். எண்ணை மூடினால் திரை சற்று நேரம் கறுத்துப்போனது. அதைப் பார்க்க இருவருக்கும் பயம்.

"அப்படியே விட்டுட்டுப் போங்கண்ணே. ஓடுறத ஏன் நிப்பாட்டணும்?" என்றார் முதல் வாரத்திலேயே.

விட்டுவிட்டுப் போனேன். மூன்று மாதமும் அப்படித்தான். இரண்டு மணிக்கு நான் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பேன். என் எண் மட்டும் ஷிப்ட் முடியும்வரை அங்கே வேலை பார்க்கும்.

அவர் என்னைவிட நன்றாகக் கற்றார். நோட்டில் எழுதியதைத் தாண்டி நான் எதையும் தொடமாட்டேன். அவர் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பனிமூட்டமாக மஞ்சு இறங்கி இலை ஈரமாக வரும் நாட்களில் என் தூள் தீய்ந்து போகும், இல்லாவிட்டால் நமுத்து வரும். அவருடையது சரியாக இருக்கும். எப்படி என்று நான் கேட்கவில்லை. மூத்தவன் என்ற வறட்டுக் கௌரவம்.

மூன்றாம் மாத முடிவில் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஹெட் ஆபீஸிலிருந்து வந்த தாளைக் காட்டினார். எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை, யார் என்று மட்டும்தான் இருந்தது. என் எண்ணுக்கு நேரே பக்கம் பக்கமாக வேலை. அவர் எண்ணுக்கு நேரே நான் லீவு போட்ட நான்கு நாட்கள்.

"அவரு திரையைத் தொடவே பயந்துட்டாரு போல. நீங்க இந்த வயசுல இத்தனை கத்துக்கிட்டீங்களே," என்றார்.

நாங்கள் எண்ணை மாற்றுவதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது முழுதாக என் வாயில் இருந்தது.

"சரிங்க சார்," என்றேன்.

வெளியே வந்தால் வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல எல்லாம் மரத்துக் கிடந்தது. இன்றுவரை அது முழுதாகத் தெளியவில்லை.

அவர் காலி செய்த அன்று கட்டிலின் ஒரு பக்கத்தை நான் பிடித்து வண்டியில் ஏற்றினேன். "நமக்கு மண்டையில ஏறலண்ணே, வேற என்ன?" என்றார். ஏறியது என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் வேறொரு தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரை மேனேஜர் அழைத்து வந்தார். ஈர இலைக்கு என் எண்ணில் பதிவாகியிருந்த முறையை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவி, சாயங்காலம் திருப்பூருக்குப் போன் போட்டேன். மறந்துபோய்விட்டது தம்பி என்றேன்.

"மொதல்ல சூட்டைக் கூட்டாதீங்கண்ணே. இலை போற வேகத்தைக் கொறைங்க. அஞ்சு நிமிசம் விடுங்க. அப்புறமாச் சூடு, அதும் ரெண்டு ரெண்டு டிகிரியா." நடுவில் ஒரு லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வந்தார். "எழுதிக்கிட்டீங்களா? ஒருக்கா வாசிங்க பாப்போம்."

வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.

மறுநாள் அதை அப்படியே அந்த இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் நோட்டில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல யோசனைங்க. யாருங்க கண்டுபிடிச்சது?"

"நான்தானுங்க," என்றேன்.