பந்திப் படத்துக்குக் கீழே எழுதியது

கல்லூரித் தோழர்கள் கோட்டையூரில் கூடி உண்ட விருந்துக்கு ஓர் இணையதளம் அமைத்தேன். வெறும் எழுத்தை யார் பார்ப்பார்கள் என்று படங்களை அடுக்கினேன், வீடியோ சேர்த்தேன், பக்கம் திறந்ததும் நாயனம் ஒலிக்கும்படி செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

காரைக்குடியில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கும் நண்பன் மட்டும் போனில் கூப்பிட்டு வேறு மாதிரிப் பேசினான். சர்க்கரை நோயில் பார்வை போனவன். திரையில் இருப்பதை அவன் போன் வாசித்துச் சொல்லும்.

"டேய், ஒன் நாயனத்துல போன் பேசுறதே கேக்கல. கேட்ட வரைக்கும் 'படம், படம்'னு ஏலக்காரன் மாதிரி கத்துது. என்ன படம்னு சொல்ல மாட்டேங்குது."

படத்தில் இருப்பதை நாம் எழுதிவைத்தால்தான் போன் அதை வாசிக்கும். எனக்கு அது தெரியும். சோம்பலில் விட்டிருந்தேன்.

"தங்கச்சியப் பாத்துச் சொல்லச் சொல்லேன்டா" என்றேன், அவன் மனைவியைக் குறித்து.

"எல்லாத்துக்கும் அவளையே கூப்பிடவா? சரி, வையி."

அதன்பின் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது அவன் மனைவி எடுத்தார். "இவுக வீட்ல இல்லேன்னு சொல்லச் சொல்றாக, அண்ணே. பக்கத்துலதான் இருக்காக."

அன்றே நாயனத்தை நிறுத்தினேன். வேண்டியவர் தொட்டால் ஒலிக்கட்டும். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் எழுத உட்கார்ந்தேன். பந்திப் படத்துக்கு 'நண்பர்கள் விருந்துண்கிறார்கள்' என்று எழுதிவிட்டு மறுபடி பார்த்தேன். நாங்கள் கும்பலாக நின்று சிரிக்கிறோம். பந்தியின் கடைசியில் அவன் தனியே உட்கார்ந்திருக்கிறான். முகம் சிரிப்பு வந்த பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்து இலையில் ஆள் இல்லை. அது என் இலை. கைபிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, கும்பலில் சேர எழுந்து போனவன் நான்.

எழுதியதை அழித்தேன். கண்டதை அப்படியே எழுதினேன், எழுந்து போனது நான் என்பதையும் சேர்த்து.

மறுநாள் கூப்பிட்டான்.

"பக்கத்துல யாருமில்லேன்னு எழுதியிருக்க. அது எனக்குத் தெரியும்டா. தெரியாததச் சொல்லு. கவுனி அரிசி பிரமாதம்னு எல்லாரும் பேசுனாய்ங்க. எனக்கு மட்டும் ஏன் வைக்கல?"

படத்தைப் பெரிதாக்கினேன். அவன் இலையின் நுனிப்பக்கம் கருப்பாக ஒரு கரண்டி கவுனி அரிசி இனிப்பு, கை படாமல் இருந்தது.

"வச்சிருக்காகடா" என்றேன். "நாந்தான் சொல்லாமப் போயிட்டேன்."



"அதையும் எழுது" என்றான்.

எழுதிவிட்டேன். வீடியோ பாக்கியிருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், இலையில் எங்கே என்ன இருக்கிறது என்று என் குரலிலேயே சொல்லிப் பதிவுசெய்து வருகிறேன். இருமல் இடையில் வருகிறது. வந்தால் அந்த இடத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.